அப்பா சொன்ன கதையும் அத்தை சொன்ன கதையும்: ஒரு குடும்ப ஆவணப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் படத்தின் இயக்குநர் நீலகிரியில் பிறந்து வளர்ந்தவர், முப்பதுகளில் இருக்கும் பெண். அவருடைய அப்பா சின்னப் பையனாக, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, 1970களின் நடுவில் தன் பெற்றோரோடும் தம்பியோடும் கப்பலேறி வந்தவர். இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அப்பாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்பது மகளின் பல வருட ஆசை. நான் அந்தப் படத்தின் எடிட்டர். அப்பா, அத்தை, இயக்குநர் மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆள் பெயரும் தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்றார்கள், அதனால் எழுதவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அப்படி நின்றவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டுப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.) இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் தலைமன்னார் வரை ரயிலில் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போய்ச் சேர்ந்தார்கள். நீலகிரியில் இவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. டான்டீ என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை மலையகத்து மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள்.

அப்பாவின் அக்கா அந்தக் கோச்சியில் ஏறவில்லை. அவர் இன்றும் ஹட்டன் பக்கம்தான் இருக்கிறார். ஏன் வரவில்லை என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு கதைதான் இருந்தது. "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மச்சான் வீட்ல சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாங்க, அக்காவும் நான் இங்கேயே இருக்கேன்னுட்டா." மகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது இதைத்தான். படத்துக்கான முதல் எழுத்துப் பிரதியும் இதை நம்பி எழுதப்பட்டதுதான்.

என் கைக்கு வந்தபோது இருந்த நிலை

இயக்குநர் ஃபுட்டேஜைக் கொண்டுவந்தபோது அப்பாவின் பேட்டிகள் மட்டுமே பல வருடங்களுக்கானவை இருந்தன. எல்லாமே மகள் தானே கேமராவைப் பிடித்து எடுத்தவை. அப்பா அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், கவாத்துக் கத்தியைத் தீட்டுகிறார், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாழ்க்கை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தொரை நிற்கும் தோரணை, ராமானுஜம் கப்பலில் வாந்தி எடுத்தது என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அத்தையை எடுத்தது சில நாட்கள்தான், அதுவும் கடைசியாக ஹட்டன் போனபோது.

முதல் ரஃப் கட்டில் (தோராயமாகத் தொகுத்த வடிவம்) அத்தை இரண்டு இடத்தில் வந்தார். ஓரிடத்தில் தாலாட்டு பாடுகிறார், இன்னோரிடத்தில் தம்பியின் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னணியில் மகளின் குரல் சொல்கிறது: "தாத்தா இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். அத்தை இலங்கையைத் தேர்ந்தெடுத்தார்." அழகான வரிதான். எனக்கு நெருடிய விஷயம் வேறு. ஹார்ட் டிஸ்கில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, அதற்குள் அத்தையின் முழுப் பேட்டி, எடிட்டுக்கே எடுக்காமல் அப்படியே கிடந்தது.

அதில் அத்தை லயத்து வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொல்கிறார்: "என்னை யாரு கேட்டா பாப்பா? எனக்கு அப்போ தாலியே ஏறல. என் பேரை எங்கப்பா எழுதவே இல்ல. பொம்பளப் புள்ள, இங்கேயே ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சிட்டாரு." சொல்லிவிட்டு முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிகிறார். அழவில்லை, குரலும் ஏறவில்லை. அடுத்த கேள்விக்கு மகள் நேராக வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். அந்தத் தாவல் ஃபுட்டேஜில் அப்படியே தெரிகிறது.

முதல் வாக்குவாதம்

இதை ஏன் படத்தில் சேர்க்கவில்லை என்று கேட்டேன். இயக்குநர் சொன்ன பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் எடுத்துக்கொள்ள மாட்டேன். "இது செய்திப் படம் இல்லண்ணா, ரெண்டு பக்கமும் கேட்டுப் போடுறதுக்கு. இது என் அப்பாவைப் பத்தி நான் எடுக்கிற படம். என் பார்வைதான் படம்." உண்மைதான். சொந்தப் படம் எடுக்கிறவரிடம் தராசைப் பிடி, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடு என்று சொல்வது அபத்தம். அப்பாவை நேசிக்கிற மகள் எடுத்த படம் அப்பா பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பார்க்க வருகிறவர்களும் அது தெரிந்துதான் வருவார்கள்.

ஆனால் பின்னணிக் குரலில் ஒரு 'நான்' பேசுகிறதே, அது யார்? அந்த 'நான்' அத்தை வாசலில் உட்கார்ந்து இந்தப் பேச்சைக் கேட்ட பெண். கேட்ட பிறகும் "அத்தை இலங்கையைத் தேர்ந்தெடுத்தார்" என்று படத்தில் பேசுவது, இயக்குநருக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகத் தெரிந்த ஒரு பெண்ணை அவர் பெயரிலேயே உருவாக்கி உட்காரவைப்பது. பார்வை என்று சொல்லிக்கொள்வதற்கு, பார்த்ததெல்லாம் அதற்குள் இருந்தாக வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான். அவர் சரி என்று சொல்லவில்லை. அப்பா பேட்டி முழுவதையும் எழுத்தில் இறக்கித் தருகிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கட்அவேக்குக் கீழே இருந்தது

இந்த வேலையில் எழுத்துப் பிரதிக்கு இருக்கும் மதிப்பைப் புதிதாக வருகிறவர்கள் உணர்வதே இல்லை. டைம்லைனில் பத்து முறை ஓடவிட்டும் காதில் விழாதது தாளில் கண்ணில் படும். அப்பா அக்கா கதையைச் சொல்லி முடிக்கிற இடத்தில், ரஃப் கட்டில் ஒரு கட்அவே, அதாவது பேசுகிறவரை விட்டு இடையில் செருகும் வேறு காட்சி, இருந்தது: கொழுந்து கிள்ளும் கைகள், பின்னால் மூட்டம். ரொம்ப அழகான ஷாட், அதனாலேயே சந்தேகமாக இருந்தது. எழுத்துப் பிரதியில் அதே இடத்துக்குப் பிறகு இன்னும் நாலு வரி இருந்தது. மூல ஃபுட்டேஜுக்குப் போய்ப் பார்த்தேன்.

அப்பா கதையை முடித்துவிட்டுத் தோள் துண்டின் நுனியைத் திரித்துக்கொண்டு இருக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து மகள் கேட்கிறார், ரொம்ப மெதுவாக: "நீங்க பாத்தீங்களாப்பா?" அவர் நிமிர்கிறார். "எனக்கு அப்ப பத்து வயசும்மா. எங்கம்மா சொன்னதுதான்." பிறகு எழுந்து டீ போடப் போய்விடுகிறார்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் நடு இதுதான். ஐம்பது வருடமாக ஒரு குடும்பம் உறுதியாகச் சொல்லிவந்த விஷயத்தைச் சொல்கிறவர், தான் கேட்டதைத்தான் சொல்கிறேன் என்று தானாகவே ஒப்புக்கொள்கிறார். அப்பாவை நேசிக்கிற மகள் கேட்டதால்தான் அந்தப் பதிலே வந்தது, வேறு யார் கேட்டிருந்தாலும் கதையைத் திரும்பச் சொல்லியிருப்பார். ஆக, மகளின் சார்பு இங்கே உண்மைக்குத் தடையாக நிற்கவில்லை, அதுவே வழியைத் திறந்துவிட்டது. அந்த இடத்தை மூடியது கட்அவே.

இதைக் காட்டியதும் இயக்குநர் நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை நான் எடுத்ததே மறந்துபோச்சு" என்றார். கொழுந்து ஷாட்டை எடுத்துவிட்டோம். ஒலியில் ஒரு சிக்கல் இருந்தது: காலர் மைக் அப்பா சட்டையில் மட்டும்தான் இருந்தது, மகளின் கேள்வி தூரத்தில், ஃப்ரிட்ஜ் சத்தத்தோடு கலந்து கேட்டது. ஸ்டுடியோவில் திரும்பப் பேசி ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அந்த மெதுவான குரலில் தயக்கம் இருக்கிறது, கேட்கிறவர் மகள் என்பது அந்தத் தயக்கத்தில்தான் தெரிகிறது. கீழே எழுத்தில் போட்டுவிட்டு ஒலியை அப்படியே விட்டோம்.

மறுபக்கம் சாய்ந்தது

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா கதையை இவ்வளவு நாள் நம்பிய இயக்குநர் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் போனார். படத்தைத் துப்பறியும் படம் மாதிரி ஆக்கிவிடலாம் என்று ஆரம்பித்தார். பெட்டியிலிருந்து குடும்ப அட்டை வெளியே வந்தது: தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா என்று நான்கு பெயர், அத்தை பெயர் இல்லை. ஹட்டனிலிருந்து அத்தையின் கல்யாணப் பதிவுச் சான்றின் நகல் வந்தது. பதிவான தேதி, குடும்பம் கப்பலேறியதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. அவ்வளவுதான், பின்னணிக் குரலில் புதுவரி ஏறிவிட்டது: "அப்பா சொன்னது உண்மையில்லை. ஆவணம் சொல்கிறது."

ஆவணத்தைக் கண்டால் ஆவணப்படக்காரர்களுக்கு வரும் நம்பிக்கை எனக்குப் பயம் தருகிற விஷயம். காகிதம் யாருடைய தேவைக்காக, எந்த நேரத்தில் எழுதப்பட்டது என்று கேட்காமல் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. தோட்டத்தில் தாலி கட்டுவது ஒரு நாள், பதிவு செய்வது வேறொரு நாள், இடையில் வருடங்கள்கூட ஓடிவிடும். அத்தையிடமே போனில் கேட்கச் சொன்னேன். அவர் சொன்னது: "புள்ளைக்குப் பொறப்புச் சான்று எடுக்கணும்னு சொன்னாங்க, அதுக்காகப் போய்ப் பதிஞ்சோம்." ஆக, சான்றில் இருக்கும் தேதி தாலி கட்டிய தேதி இல்லை. கோச்சி போன பிறகுதான் தாலி ஏறியது என்கிறார் அத்தை, முன்பே ஏறிவிட்டது என்கிறது அப்பா வீட்டுக் கதை, கல்யாண போட்டோ கிடையாது. குடும்ப அட்டையில் பெயர் இல்லை என்பதும் இரண்டு கதைக்குமே பொருந்தும்.

கடிதங்களாவது உதவும் என்று பார்த்தோம். அத்தை தம்பிக்கு அனுப்பிய ஏரோகிராம்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எல்லாமே "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்து, ஒரே குண்டுக் கையெழுத்தில், பிசகில்லாத தமிழில். அத்தைக்கு எழுதத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக் கொடுத்தவை. அதில் ஒரு இடத்தில் "நான் இங்கு மனநிறைவோடு உள்ளேன்" என்று இருக்கிறது. இது அத்தை சொன்னதா, கடிதம் என்றால் இப்படித்தான் முடிய வேண்டும் என்று வாத்தியார் போட்டதா? அப்பா பல வருடம் அந்த வரியைப் படித்துத்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

எடுத்த முடிவு: அட்டை, சான்று, கடிதம் மூன்றையும் படத்தில் காட்டுவது. ஒவ்வொன்றோடும் அது எப்படி உண்டானது என்பதையும் சொல்வது. "ஆவணம் சொல்கிறது" என்ற வரி போய்விட்டது.

இதே கண்ணோடு பார்த்தபோது இன்னொன்றும் போனது. ராமேஸ்வரத்தில் இறங்கியதை அப்பா சொல்லும்போது தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தை மணலும் காற்றுமாக எடுத்துப் போட்டிருந்தார்கள். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலிலேயே அழிந்துவிட்டது, இந்தக் குடும்பம் வந்தது அதற்குப் பத்து வருடம் போல் கழித்து. மனநிலைக்குப் பொருந்துகிறதே என்றார் ஒளிப்பதிவில் உதவிய நண்பர். மனநிலைக்குப் பொருந்தலாம், ஆனால் பார்க்கிறவர் இதுதான் இறங்கிய இடம் என்று நினைத்துக்கொள்வார். எடுத்துவிட்டோம்.

அப்பாவிடம் எப்படிக் காட்டுவது

ஹட்டனிலிருந்து கிளம்பும்போது அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: "மொதல்ல ஒங்கப்பனுக்குக் காட்டு. அப்புறம் ஊருக்குக் காட்டு." அவர் சம்மதத்தையும் இந்த நிபந்தனையையும் கேமராவிலேயே பதிவு செய்திருந்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இதற்குப் பிறகு வந்த யோசனைகளுக்கு அதுதான் அணை.

படத்துக்கு ஆலோசனை சொன்ன மூத்த இயக்குநர் ஒருவர், அத்தை பேசுவதை லேப்டாப்பில் அப்பாவுக்குக் காட்டு, அவர் முகத்தை அந்த நேரத்தில் எடு என்றார். படத்தின் உச்சம் அதுவாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார். பல படங்கள் இதைச் செய்கின்றன, பார்வையாளர்களும் அழுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்த்தேன். எதிர்பாராமல் ஒரு அடி விழுந்தால் எந்த வயதானவர் முகமும் கோணும், அது அவருக்கு விழுந்த அடியைத்தான் காட்டும், அவர் மனதில் இருப்பதைக் காட்டாது. அதோடு, கேமராவைப் பிடித்திருப்பது சொந்த மகள். அவர் மகளாக அப்பா பக்கத்தில் உட்கார வேண்டிய ஒரு நேரம் அது. கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டால் அப்பா யாரைப் பார்ப்பார்?

இயக்குநர் கேமரா இல்லாமல் காட்டினார். நான் அங்கே இல்லை, அவர் பிறகு சொன்னதுதான். அப்பா பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "அக்கா ரொம்ப இளைச்சுட்டா." திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. சில நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "கேமராவை எடுத்துட்டு வா பாப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றிருக்கிறார்.

அந்தப் பேட்டிதான் இப்போது படத்தின் கடைசிப் பகுதி. "அவ சொல்றது சரியா இருக்கலாம். எனக்குத் தெரியாது. புள்ளைய விட்டுட்டு வந்தோம்னு எங்கம்மா எங்ககிட்ட எப்படிச் சொல்லுவா? அதனால அவளே இருக்கேன்னுட்டானு சொல்லியிருக்கலாம். ஆனா எங்கம்மாவை பொய் சொன்னவன்னு படத்துல போட்டுறாத." கடைசி வரியையும் வைத்தோம். அது இயக்குநருக்கு அப்பா வைத்த வேண்டுகோள். அதை மறைத்துவிட்டு நிறைவேற்றுவதைவிட, அவர் கேட்டார் என்பதையும் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது. அப்பாவும் அத்தையும் பிறகு வீடியோ காலில் பேசிக்கொண்டார்கள். அதை யாரும் எடுக்கவில்லை.

பின்னணிக் குரலைத் திரும்ப எழுதியது

குரல் பிரதியை வரிவரியாக எடுத்து, ஒவ்வொன்றும் நேரில் பார்த்ததா, யாரிடமாவது கேட்டதா, தானாக ஊகித்ததா என்று மூன்று நிறத்தில் குறித்தோம். நிறம் போட்டு முடித்தபோது பெரும்பாலான வரிகள் கேட்டதாகவும் ஊகித்ததாகவும் இருந்தன, எழுதியிருந்த விதமோ நேரில் பார்த்தது போல் இருந்தது. "பாட்டி கப்பலில் திரும்பிப் பார்க்கவே இல்லை" என்று ஒரு வரி. யார் பார்த்தது? அப்பா வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தார். அது "பாட்டி திரும்பிப் பார்த்திருக்க மாட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்" என்று மாறியது. இப்படி மாற்றினால் படத்தின் வேகம் குறையும் என்று பயந்தோம். நேர்மாறாகத்தான் நடந்தது. மகள் எதையெல்லாம் நினைத்துக்கொள்கிறாள் என்பது கேட்கக் கேட்க, அவளுக்கும் அந்தக் கதைக்கும் இருக்கும் நெருக்கம் கூடித்தான் தெரிந்தது.

ஊரில் திரையிட்டபோது

முழுமையான வடிவத்தை வெளியே அனுப்பும் முன் நீலகிரியில் ஒரு சமுதாயக் கூடத்தில் போட்டோம். வந்தவர்களில் பாதிப் பேர் சிலோனிலிருந்து வந்த குடும்பத்தினர். முடிந்ததும் பலர் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அண்ணனை விட்டு வந்தவர், மாமியாரை விட்டு வந்தவர். எங்களுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து பேசும் வரை.

"நல்லா எடுத்திருக்கீங்கம்மா. ஆனா ஒங்க தாத்தா பேரை எழுதினாரா எழுதலையானு ஒரு மணி நேரம் பேசியிருக்கீங்க. அந்த ஃபாரத்தை அடிச்சது யாரு?"

கூடம் அமைதியாகிவிட்டது. அவர் கோபமாகப் பேசவில்லை. தன் வாழ்நாள் முழுக்க இதை யோசித்தவர் என்பது தெரிந்தது. இந்தியாவுக்கு 7 பேர் போனால் இலங்கையில் 4 பேருக்குக் குடியுரிமை என்ற விகிதத்தில்தான் எல்லாம் நகர்ந்தது என்பதை அவர்தான் அந்தக் கூட்டத்தில் சொன்னார். எங்களுக்கு ஒப்பந்தத்தின் மொத்த எண்ணிக்கை தெரியும். படத்தின் ஆரம்பத்தில் ஒரு எழுத்து அட்டையில் போட்டுவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த விகிதம் இந்தக் குடும்பத்துக்குள் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. தம்பி குடும்பம் கப்பலேறியது அந்த 7-ல் சேர்கிறது. அக்கா காத்திருந்தது அந்த 4-க்கு. அப்படியும் அவருக்குக் கிடைக்கவில்லை, 2003-ல் இலங்கை கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் சான்று கைக்கு வந்தது என்று அத்தையே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதை நீளம் கருதி வெட்டியிருந்தோம்.

இத்தனை நாளும் அப்பா ஒரு தட்டு, அத்தை ஒரு தட்டு என்று இரண்டையும் சமன் செய்வதிலேயே எங்கள் கவனமெல்லாம் போயிருந்தது. அதில் நேர்மையாகத்தான் இருந்தோம். ஆனால் படம் முடியும்போது பார்க்கிறவர் மனதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தாத்தா, அல்லது பாட்டி. பத்து லட்சம் பேரைக் கேட்காமல் எண்ணிக்கையாகப் பிரித்த இரண்டு அரசுகளும் படத்தில் வெறும் பின்னணித் தகவல். சொந்தக் கதைப் படத்துக்கு இருக்கிற பெரிய ஆபத்து, ஒருவர் தன் பக்கம் சாய்ந்து பேசுவதல்ல என்று இப்போது நினைக்கிறேன். நாட்டில் நடந்த ஒன்று வீட்டுச் சண்டையாகச் சுருங்கிப்போவதுதான். அதற்குள் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் அந்தச் சுருக்கம் மாறாது.

திரும்ப எடிட்டுக்கு உட்கார்ந்தோம். வரலாற்றை விளக்கும் குரலைத் தனியாகச் சேர்க்கலாம் என்றால் அது பாடம் எடுப்பது போல் ஆகும். கடைசியில் செய்தது: குடும்ப அட்டை திரையில் வரும் இடத்தில், பெயர்களை வாசித்த பிறகு மகளின் குரல் நிற்காமல், அட்டை ஏன் அச்சடிக்கப்பட்டது, 7-க்கு 4 என்றால் என்ன, இந்த நான்கு பெயர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று தொடர்கிறது. உடனே அத்தை தன் குடியுரிமைச் சான்றை எடுத்துக் காட்டுகிற இடம். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். முதல் வடிவத்தில் இருந்த எழுத்து அட்டையை எடுத்துவிட்டோம். தாத்தா பெயரை எழுதாதது அப்படியேதான் இருக்கிறது, அவரை விடுவிக்கவில்லை. ஆனால் அவர் கையில் இருந்த ஃபாரமும் இப்போது படத்தில் இருக்கிறது.

அடுத்த முறை வேறுமாதிரி செய்வது

நிறம் போடும் வேலையை எடிட்டில் அல்ல, முதல் நாள் ஷூட்டிங்கிலிருந்தே செய்வோம். ஒவ்வொரு பேட்டிக் குறிப்பிலும் பேசுகிறவர் நேரில் கண்டதா கேட்டதா என்று ஒரு சின்னக் குறி போதும்.

ஊர்க்காரர்களுக்குப் படம் முடிந்த பிறகு காட்டினோம். ரஃப் கட்டிலேயே, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆனால் அதே அனுபவம் உள்ள இரண்டு மூன்று பேரை உட்காரவைத்திருக்க வேண்டும். திரைப்பட விழாக்காரர்கள் சொல்கிற கருத்து வேறு வகை, அது வேகத்தையும் நீளத்தையும் பற்றியது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

நேரத்தின் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. அப்பாவோடு வருடக்கணக்கில் கேமரா இருந்தது. அவர் சோர்ந்து, சிரித்து, மாற்றிச் சொல்லி, ஒப்புக்கொண்டு பேசியதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அத்தைக்குக் கிடைத்தது சில நாள், அதுவும் வீட்டில் மற்றவர்கள் சுற்றி இருக்கும்போது. அதனால் படத்தில் அப்பா மனம் மாறக்கூடிய மனிதராகவும் அத்தை ஒரே கருத்தில் நிற்கிறவராகவும் தெரிகிறார். நிஜத்தில் அத்தையும் மாற்றி மாற்றித்தான் நினைத்திருப்பார், எங்களிடம் அதற்கான ஃபுட்டேஜ் இல்லை. எடிட்டில் இதைச் சரிசெய்ய வழியில்லை, போய் இருந்து எடுத்தால்தான் உண்டு. இயக்குநர் இப்போது ஹட்டனில் சில மாதம் தங்கும் ஏற்பாட்டில் இருக்கிறார். அது இந்தப் படத்தில் சேருமா, தனிப் படமாகுமா என்று இன்னும் முடிவாகவில்லை.

சித்தப்பா ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றவர். "பழசைக் கிளறாத" என்று போனை வைத்துவிட்டார். அவர் இருக்கும் போட்டோக்களில் அவர் பக்கத்தை ஃப்ரேமுக்கு வெளியே விட்டோம். அவர் பேச விரும்பவில்லை என்று மகளின் குரல் ஒரு வரியில் சொல்கிறது. அந்த ஒரு வரியும் தன் சம்மதம் இல்லாமல் வந்ததுதானே என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதில் எனக்கும் இயக்குநருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. குடும்ப அட்டையின் நான்காவது பெயர் அவருடையது, அதைச் சொல்லாமல் கடந்தால் அட்டையைக் காட்ட முடியாது என்கிறார் இயக்குநர். அட்டையைக் காட்டுவதற்கு முன் சித்தப்பாவிடம் இன்னொரு முறை நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது என்கிறேன் நான்.